வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: தற்காப்பு படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு

(பதில் எழுதுபவர்: சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவத்துக்கு வரலாறும் பொதுப்பாடமும் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர்)

கேள்வி: வணக்கம் ஐயா. ஆறாம் படிவ முடிவில் வரும் எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதி முடித்துவிட்டேன். அடுத்து அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் சேர யு.பி.யு. விண்ணப்பம். தேசியப் பாதுகாப்பு, தற்காப்பு, வியூக ஆய்வு என்று ஏதாவது ஒன்றைப் படிக்க ஆசைப்படுகிறேன். அப்பா செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு பட்டாளத்துப் படிப்பு? டீச்சருக்குப் படி" என்கிறார் அம்மா. ராணுவத்தில் சேரும் எண்ணம் எனக்கு இல்லை. அப்படியிருக்க இந்தப் படிப்பால் பயன் உண்டா? அத்தனை வருஷம் இதில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள்? ஆங்கிலத்தில் நான் சுமார்தான்.
– ஆறாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: மகளே, இந்தப் பதிலை முதலில் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. இது பட்டாளத்துப் படிப்பு இல்லை. பட்டாளத்தை எங்கே அனுப்புவது, அனுப்பத்தான் வேண்டுமா, அனுப்பினால் என்ன செலவாகும், அனுப்பாமலே காரியம் ஆகுமா என்று உட்கார்ந்து ஆராய்ந்து எழுதுகிறவர்களின் படிப்பு. போர் வரலாறு, அனைத்துலக உறவு, கடல் சட்டம், உளவுத்துறை எப்படி இயங்குகிறது, தற்காப்புக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, தென்கிழக்காசிய அரசியல், ஆய்வு முறை எல்லாம் அதில் வரும். நிறைய வாசிக்க வேண்டும், அதைவிட நிறைய எழுத வேண்டும். உன் அம்மா டீச்சர் வேலையில் எதை மதிக்கிறாரோ அதுவே இங்கும் தேவைப்படுகிறது.

பாடங்களின் பெயரைச் சொன்னால் உனக்கு எதுவும் விளங்காது. இரண்டு தீவுகளின் கதையைச் சொல்கிறேன்.

சபாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் சிப்பாடான், லிகித்தான் என்று இரண்டு சின்னத் தீவுகள். அவை யாருக்குச் சொந்தம் என்று நமக்கும் இந்தோனேசியாவுக்கும் வழக்கு. 2002 டிசம்பர் 17ஆம் தேதி தி ஹேக்கில் உள்ள அனைத்துலக நீதிமன்றம் மலேசியாவுக்குத் தீர்ப்பளித்தது. எதை வைத்து? பழைய ஒப்பந்தம் ஒன்றும் அந்தத் தீவுகளை யார் பக்கமும் தெளிவாகக் காட்டவில்லை. அங்கே ஆமை முட்டை எடுப்பதற்கு வெள்ளைக்காரன் காலத்து வட போர்னியோ நிர்வாகம் விதி போட்டிருந்தது. தீவைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்திருந்தது. ஆட்சி நடத்தியவர் யார் என்பதற்கு அந்த விதிகளை நீதிபதிகள் சான்றாக ஏற்றுக்கொண்டார்கள். யாரோ ஒரு அதிகாரி ஆமை முட்டைக்காகத் திறந்த கோப்பு, பல பத்தாண்டுகள் கழித்து இரண்டு தீவுகளை நமக்கு வாங்கித் தந்தது.

இன்னொன்று பத்து பூத்தே. ஜொகூருக்குத் தெற்கே, சிங்கப்பூர் நீரிணையின் வாயில் கலங்கரை விளக்கம் நிற்கும் பாறை. அது ஆதியில் ஜொகூர் சுல்தானுக்குரியது என்று அதே நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் 1953இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு விசாரணைக் கடிதத்துக்கு, "ஜொகூர் அதற்கு உரிமை கோரவில்லை" என்று ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் எழுதியிருந்தார். அந்தப் பதிலும் அதற்குப் பிறகு இரு தரப்பும் நடந்துகொண்ட விதமும் சேர்ந்து, 2008 மே 23ஆம் தேதி பாறை சிங்கப்பூருக்குப் போனது. ஒரு தோட்டா வெடிக்கவில்லை. சில வரிக் கடிதம்தான்.

இந்த இரண்டு வழக்கையும் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். எல்லையைக் காப்பவர்களில் கோப்பைச் சரியாக எழுதுகிறவரும் ஒருவர் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புலப்படும். அந்தக் கோப்பை எழுதும் இடத்தில் நீ உட்கார வேண்டும் என்பதே என் ஆசை.

மலாக்கா நீரிணையையும் சேர்த்துக்கொள். 2005 ஜூனில், கடற்கொள்ளையைக் காரணம் காட்டி, லண்டன் காப்புறுதிக்காரர்களின் குழு ஒன்று நீரிணையைப் போர் அபாயப் பகுதிகளின் பட்டியலில் போட்டுவிட்டது. அந்த வழியாகப் போகும் கப்பல்களுக்குக் கூடுதல் கட்டணம் கேட்க அது இடம் கொடுத்தது. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் 2004லேயே கூட்டு ரோந்து தொடங்கியிருந்தன. 2005 செப்டம்பரில் ஆகாய ரோந்தும் சேர்ந்தது. 2006 ஆகஸ்டில் நீரிணை பட்டியலிலிருந்து நீங்கியது. உன் அப்பா லாரியில் ஏற்றிப் போகும் குலை எண்ணெயாகிக் கப்பல் ஏறுகிறது. கப்பல் கட்டணம் கூடினால் யார் தலையில் விடியும் என்று அப்பாவைக் கேள், சொல்வார். கடற்படை, காப்புறுதி, ஏற்றுமதி, மூன்று நாட்டு அரசியல் எல்லாம் ஒரே முடிச்சு. அதை அவிழ்க்கப் பழக்குவதுதான் இந்தப் படிப்பு.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 1948 ஜூன் 16ஆம் தேதி காலை கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் எல்ஃபில் தோட்டத்தில் ஒரு துரையும், அரை மணி நேரத்துக்குள் பின் சூன் தோட்டத்தில் இரண்டு பேரும் சுடப்பட்டார்கள். அவசரகாலம் அங்கே தொடங்கி 1960 ஜூலை 31 வரை நீடித்தது. உலகத்தில் கிளர்ச்சி ஒடுக்கும் முறையைப் படிக்கிற எந்தக் கல்லூரியிலும் மலாயா பாடம் உண்டு. 1950இல் பிரிட்டிஷ் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைக் காட்டோரத்திலிருந்து எடுத்துப் புதுக்கிராமங்களில் முள்வேலிக்குள் குடியேற்றினார்கள். தோட்டத்து லயங்களையும் ஒன்றுசேர்த்து வேலி போட்டார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போகக்கூடாது என்பதே கணக்கு.

அந்தக் கணக்கு எங்கள் வீட்டில் எப்படி இறங்கியது என்று என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பால்மரம் வெட்டப் போகும்போது சோறு கட்டிக்கொண்டு போக முடியாது. கேட்டில் நிறுத்தி, வாளி முதல் முந்தானை வரை சோதிப்பார்கள். அரிசி அளந்துதான் கிடைக்கும். சார்டின் டின் வாங்கினால் கடைக்காரரே ஓட்டை போட்டுக் கொடுப்பார், சேர்த்து வைத்து யாருக்கும் கொடுத்துவிடக் கூடாதே. விடியலுக்கு முன் வெறும் தேநீரோடு மலைக்காட்டுக்குப் போய் மதியம் திரும்புகிற பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்? நூல்களில் இதை வெற்றிபெற்ற திட்டம் என்று எழுதியிருக்கும். வெற்றி என்பதும் உண்மை, என் அம்மாவின் பசியும் உண்மை. யாருடைய பாதுகாப்பு, யாரிடமிருந்து, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று மூன்றையும் ஒரே கட்டுரையில் கேட்கத் தெரிந்த மாணவர் இந்தத் துறைக்குத் தேவை. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி வீட்டிலேயே கிடைக்கிறது. உன் பாட்டி இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள். ஜப்பான்காரன் காலத்துச் சயாம் மரண ரயில் பாதைக்கு யார் போனார்கள், யார் திரும்பினார்கள் என்பதையும் கேள்.

எங்கே படிப்பது? சுங்கை பெசி முகாமில் இருக்கும் மலேசிய தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் (யு.பி.என்.எம்.) வியூக ஆய்வில் இளங்கலை உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அனைத்துலக, வியூக ஆய்வுத் துறை இருக்கிறது. சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் அனைத்துலக விவகார நிர்வாகம் படிக்கலாம். உன்னிடம் நேராகச் சொல்வதானால், மலாயாப் பல்கலைக்கழகத்தை முதலில் போடு. ராணுவம் வேண்டாம் என்கிறாய்; உலக அரசியலும் தற்காப்பும் கலந்து படித்தால் பின்னால் வெளியுறவு அமைச்சு, தேசியப் பாதுகாப்பு மன்றம், தற்காப்பு அமைச்சு என்று எந்தப் பக்கமும் திரும்பலாம்.

வேலைக்கு வருகிறேன். நிர்வாக, அரசதந்திர அதிகாரி (பி.டி.டி.) தேர்வுதான் பெரிய வாசல். கடல்சார் அமலாக்க நிறுவனம், குடிநுழைவு, சுங்கம், காவல்துறை இருக்கின்றன. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த பிறகு வங்கி, மின்சாரம், மருத்துவமனை போன்ற முக்கியத் துறைகளில் சட்டமும் கொள்கையும் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். ஒன்றை மறைக்க மாட்டேன்: பட்டத்தைக் காட்டியதும் வேலை கிடைக்கும் துறை இல்லை இது. பி.டி.டி. தேர்வுக்குப் போட்டி கடுமை. கடைசி வருஷத்திலேயே தொழிற்பயிற்சிக்கு நல்ல இடம் பிடித்து, எழுதிய ஆய்வைக் கையில் வைத்திருக்கிற பிள்ளை முந்திக்கொள்ளும்.

ஆங்கிலம் சுமார் என்றாய். மூவெட் என்கிற பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வை அலட்சியம் செய்யாதே. பாட நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். 2019 டிசம்பர் 2ஆம் தேதி நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட தற்காப்பு வெள்ளை அறிக்கை மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தினம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் படி, தடுக்கும் இடத்தில் மலாய்ப் பக்கத்தைப் பார், பிறகு அதை மலாயில் ஐந்து வரியாகச் சுருக்கி எழுது. நாட்டின் தற்காப்புச் சிந்தனையும் பிடிபடும், இரண்டு மொழியும் கூர்மையாகும்.

கேள்வி: ஐயா, என் மகன் யு.பி.என்.எம்.தான் வேண்டும் என்று நிற்கிறான். அங்கே சீருடை போட்டுப் படிப்பதும் சாதாரண மாணவனாகப் படிப்பதும் ஒன்றுதானா? கடன் வாங்க வேண்டி வருமா?
– ஒரு தந்தை, லிந்தாங்

பதில்: இரண்டும் வேறு, ஐயா. கெடேட்டாகச் சேருகிறவர் ராணுவத்தின் பிள்ளை. செலவு அவர்களுடையது; விடியற்காலை ஓட்டம், அணிவகுப்பு எல்லாம் உண்டு; பட்டம் வாங்கியதும் அதிகாரியாகப் பொறுப்பேற்று, ஒப்பந்தப்படி குறிப்பிட்ட காலம் சேவை செய்தே ஆக வேண்டும். பாதியில் மனம் மாறினால் சிக்கல். உடல் தகுதி, கண் பார்வை, பல் வரைக்கும் பார்ப்பார்கள், ஆகவே விண்ணப்பம் போடும் முன் கிளினிக்கில் ஒரு முறை பரிசோதித்து விடுங்கள். சாதாரண மாணவராகச் சேருகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மற்றப் பல்கலைக்கழக மாணவர்கள் மாதிரி பி.டி.பி.டி.என். கடனோ உபகாரச் சம்பளமோ தேட வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. பல அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பாலாப்பெஸ் என்கிற சேமப்படை அதிகாரி பயிற்சி இருக்கிறது. படித்துக்கொண்டே வார இறுதியிலும் விடுமுறையிலும் பயிற்சி, அலவன்ஸ் தருவார்கள், முடித்தால் சேமப்படையில் இளம் அதிகாரிப் பட்டம். சீருடை மீது ஆசை உண்மையா, படத்தில் பார்த்த மயக்கமா என்று தெரியாத பையனுக்கு அதையே சிபாரிசு செய்வேன். மகனோடு உட்கார்ந்து ஒன்று மட்டும் கேளுங்கள்: பத்து வருஷம் கழித்து சபாவில் ஒரு முகாமில் தீபாவளி கழிக்கச் சம்மதமா? அவன் யோசிக்காமல் பதில் சொன்னால் விண்ணப்பத்தைத் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: பாதுகாப்பு என்று சொல்லித்தான் விசாரணை இல்லாமல் ஆட்களை உள்ளே வைத்தார்கள். நம் ஆட்களையும் வைத்தார்கள். அந்தப் படிப்பைப் படிக்கச் சொல்லி நம் பிள்ளைகளை அனுப்புவது சரியா?
– வாசகர், பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 1960ஆம் ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒருவரை விசாரணையின்றி இரண்டு வருஷம் வைக்க முடிந்தது, அதை மீண்டும் மீண்டும் நீட்டிக்கவும் முடிந்தது. தடுப்பு முகாம் நமக்கு அடுத்த தைப்பிங்கில், கமுந்திங்கில்தான் இருந்தது. 2007 டிசம்பரில் இந்து உரிமை அமைப்பான ஹிண்ட்ராப்பின் தலைவர்கள் ஐவரை அங்கே கொண்டுபோனபோது இந்த ஊர்க் கோயில்களில் அர்ச்சனை செய்தவர்களை எனக்குத் தெரியும். 2012இல் அந்தச் சட்டம் போய், பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டம் வந்தது. அதிலும் 28 நாள் காவல் உண்டு. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரைப் பிடித்தார்கள். 2020 பிப்ரவரியில் அவர்கள் மீதான குற்றச்சாட்டுகளைச் சட்டத்துறைத் தலைவரே மீட்டுக்கொண்டார்.

இதனால்தான் அனுப்பச் சொல்கிறேன். மிரட்டல் எது, வெறும் கருத்து எது, யாரைக் கண்காணிக்கலாம், எவ்வளவு நாள் வைக்கலாம் என்று ஒரு மேசையில் முடிவாகிறது. அந்த மேசைக்குப் போகும் குறிப்பை எழுதுபவருக்குத் தோட்டத்து வாழ்க்கை தெரிந்திருந்தால், கூடுதலாக ஒரு கேள்வியாவது எழும். பல்கலைக்கழகத்தில் இந்தச் சட்டங்களைக் குறை கூறி ஆய்வு எழுதவும் இடம் உண்டு. நன்றாக எழுதினால் நல்ல புள்ளியும் உண்டு. வெளியில் நின்று திட்டுவது ஒருவருடைய உரிமை. உள்ளே போய் வாசகத்தை மாற்றுவதற்குப் படிப்பு வேண்டும். என் மாணவர்களில் இந்தத் துறையைக் கேட்டு வந்தவர்கள் மிகச் சிலர் என்பது எனக்கு இன்றுவரை வருத்தம்.

கேள்வி: நான்காம் படிவம் படிக்கிறேன். இந்தத் துறைக்கு இப்போதே என்ன செய்யலாம்?
– மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: வரலாற்றை மனப்பாடம் செய்வதை விட்டு, ஏன் நடந்தது என்று கேட்டுப் படி. புவியியல் எடுக்க வாய்ப்பிருந்தால் விடாதே. தென்சீனக் கடலின் வரைபடத்தை வெறும் தாளில் கையால் வரைந்து பழகு. சரவாக் கரைக்கு அப்பால் பெத்திங் பத்திங்கி அலி என்கிற கடல் திட்டு எங்கே, ஸ்ப்ராட்லி தீவுகள் எங்கே, நம் பொருளாதார மண்டலத்தின் 200 கடல் மைல் கோடு எங்கே ஓடும் என்று குறித்துப் பார். மலாயில் கட்டுரை எழுதுவதில் ஏ வாங்கு. சீனப் பள்ளி நண்பன் இருந்தால் மாண்டரின் கற்றுக்கொள். சீருடை இயக்கத்தில் சேர்ந்து ஒழுங்காகப் போ, மதிப்பெண்ணுக்கு மட்டும் இல்லை, கட்டளைக்குக் கீழே இருப்பது உனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள. ஐந்தாம் படிவம் முடிந்ததும் ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா என்ற குழப்பம் வரும். கலைப் பிரிவில் இந்தத் துறையைக் குறிவைப்பவனுக்கு ஆறாம் படிவம் போதும். வரலாறும் பொதுப்பாடமும் அங்கே நன்றாக ஊறும். முடிவு வந்ததும் மதிப்பெண் தாளோடு எனக்கு எழுது, எந்தப் பாடங்களை எடுப்பது என்று அப்போது பார்க்கலாம்.