3 மார்க் வீணா, ஒரு வருட ஃபீஸ் மிச்சமா?

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகன் 10-ஆம் வகுப்பு முடித்துவிட்டான். ஏ.பி. (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எழுதும் தேர்வு) உலக வரலாற்றில் 5-க்கு 3 தான் வந்திருக்கிறது. 11-ஆம் வகுப்பில் ஐந்து ஏ.பி. எடுத்தால் கல்லூரியில் ஒரு வருடம் மிச்சம் என்கிறார் கோச்சிங் சென்டர்காரர். 'கிரெடிட் கேரண்டி' பேக்கேஜ் 4,000 டாலராம். மகனுக்கு டாக்டராக ஆசை. சேர்க்கலாமா?

பதில்: அந்த 4,000 டாலரை முதலில் பத்திரமாக எடுத்து வையுங்கள். கேரண்டி கொடுக்க அவர் யார்? தேர்வு வைப்பது காலேஜ் போர்டு, கிரெடிட், அதாவது அந்தப் பாடத்தைக் கல்லூரியில் படித்து முடித்ததாக வரவு, தருவது பல்கலைக்கழகம். தேர்வுக்குப் பெயர் கொடுப்பதுகூட உங்கள் பள்ளியின் ஏ.பி. ஒருங்கிணைப்பாளர் வழியாகத்தான். தேர்வுக் கட்டணம் பாடத்துக்குச் சுமார் 100 டாலர். வகுப்பில் சேராமல் தானே படித்தும் எழுதலாம். இதையெல்லாம் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

3 வீணில்லை. டெக்சாஸில் 2015-இல் வந்த சட்டப்படி அரசுக் கல்லூரிகள் 3-க்கே கிரெடிட் தர வேண்டும். அதற்கு மேல் கேட்டால் தகுந்த ஆதாரம் காட்ட வேண்டும். ஆனால் எந்தக் கணக்கில் வரவு வைப்பார்கள் என்பதில்தான் சிக்கல். இங்கே எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டியது அமெரிக்க வரலாறு. உலக வரலாறு பெரும்பாலும் விருப்பப் பாடக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். ரேஷன் கார்டில் பெயர் இருந்தும் சர்க்கரை கிடைக்காத கதைதான்.

ஒரு வருடம் என்பது சுமார் 30 கிரெடிட் மணி, பட்டத்துக்கு 120. பாடத்துக்கு 3, 4 மணி என்று ஐந்து பாடத்தைக் கூட்டிப் பாருங்கள், 20-ஐத் தாண்டுவதே பாடு. அவ்வளவும் தேவையான கட்டத்தில் விழுந்தால்தான் அதுவும். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை ஏற்பதை இன்னொரு துறை ஏற்காது, இணையத்தில் ஒரு பக்கம் சொல்வதை மறுபக்கம் மறுக்கும். இருபது வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது. அவன் சேர நினைக்கும் இரண்டு மூன்று கல்லூரிகளின் ஏ.பி. பட்டியலை நீங்களே உட்கார்ந்து படியுங்கள்.

டாக்டர் ஆசை இருப்பதால் இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஏ.பி. உயிரியலில் 5 வாங்கினான், கல்லூரியும் கிரெடிட் கொடுத்தது, முதல் வருட உயிரியலைத் தாண்டிப் போய்விட்டான் என்று வையுங்கள். நான்கு வருடம் கழித்து மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, அவற்றில் பல அந்த ஏ.பி.யை ஏற்காது. சில ஏற்கும், ஆனால் அதே துறையில் மேல்நிலைப் பாடம் படித்துக் காட்டச் சொல்லும். வேதியியலும் அப்படியே. இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. முதல் வருடத்தில் சுலபமாக 'ஏ' கிரேடு வாங்கியிருக்கக்கூடிய பாடம் கைவிட்டுப் போகும். பள்ளியில் படித்த வேதியியலை வைத்துக்கொண்டு நேராக ஆர்கானிக் (கரிம வேதியியல்) வகுப்பில் போய் உட்கார வேண்டியிருக்கும். மருத்துவ சேர்க்கையில் அறிவியல் பாடங்களின் சராசரியைத் தனியாகப் பார்க்கிறார்கள். ஆகவே உயிரியல், வேதியியல் ஏ.பி.யை அடித்தளம் போட்டுக்கொள்ள எடுக்கட்டும். பாடத்தைத் தாண்டுவதற்கு அதை நம்ப வேண்டாம்.

11-ஆம் வகுப்பில் எப்படியும் வரும் அமெரிக்க வரலாறு, ஆங்கிலம் இரண்டையும் ஏ.பி.யாக எடுத்தால், டாக்டரானாலும் ஆகாவிட்டாலும் பட்டத்துக்கு உதவும். விருப்பமிருந்தால் அறிவியலில் ஒன்று சேர்த்துக்கொள்ளட்டும். மூன்று போதும்.

மார்க்கை இப்போதே கல்லூரிகளுக்கு அனுப்பச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் கேட்காதீர்கள். ஒரு முறை அனுப்ப 15 டாலர். காலேஜ் போர்டு லாப நோக்கமில்லாத நிறுவனமாம்! 12-ஆம் வகுப்பில் ஏதாவது ஒரு ஏ.பி. எழுதினால், சேரும் கல்லூரியை ஜூன் 20-க்குள் குறிப்பிட்டால் போதும். எல்லா வருட மார்க்கும் சேர்ந்து இலவசமாகப் போய்விடும், இந்த 3 உட்பட.