ஊர்ச் செய்தி நிறுவனத்துக்கு மூன்று லட்சம் ரூபாய்: எதற்குச் செலவிடலாம்?

கேள்வி: எங்கள் ஊரில் நான்கு பேர் சேர்ந்து ஒரு மாத இதழும் யூடியூபில் ஒரு செய்திச் சேனலும் நடத்துகிறார்கள். பெரிய நாளிதழ்கள் எட்டிப் பார்க்காத செய்திகளை அவர்கள்தான் தருகிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களின் சங்கம் அவர்களுக்கு மூன்று லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறது. நல்ல கேமரா வாங்கித் தரலாம் என்கிறார் ஒருவர். சென்னையிலிருந்து ஆள் வரவழைத்து இரண்டு நாள் பயிலரங்கு நடத்தலாம் என்கிறார் இன்னொருவர். செயற்கை நுண்ணறிவுச் செயலிக்குச் சந்தா கட்டலாம் என்றும் ஒரு யோசனை. எது உண்மையில் பயன்படும்?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: கேமராவா, பயிலரங்கா என்பதற்கு முன்னால், பணம் எந்த வழியாக வரப்போகிறது என்று பாருங்கள். இதில் கவனம் பிசகினால், நீங்கள் உதவ நினைக்கும் நால்வரையே சிக்கலில் மாட்டிவிடுவீர்கள். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம், 2010, அதன் 3ஆம் பிரிவில், பதிவுபெற்ற செய்தித்தாளின் ஆசிரியர், உரிமையாளர், செய்தியாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகியோர் வெளிநாட்டு நன்கொடை பெறுவதைத் தடை செய்கிறது. மின்னணு வழியில் ஒலி, காட்சிச் செய்திகளைத் தயாரிக்கும் அமைப்புகளுக்கும் அதே தடை உண்டு. சிங்கப்பூரில் பதிவான சங்கத்தின் கணக்கிலிருந்து வரும் பணம் வெளிநாட்டுப் பணம். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட ஊர்க்காரர் அனுப்புவதும் அப்படியே. அவர் பிறந்த ஊர் மன்னார்குடியாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் மாற்றம் இல்லை. இந்தியக் குடியுரிமையைத் தக்கவைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே சங்கத்தின் பெயரில் வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் தனித்தனியாக அனுப்பட்டும். கடவுச்சீட்டு நகலையும் வங்கிச் சீட்டையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். பணம் வருவதற்கு முன்பே ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை இதழிலேயே அச்சிட்டுவிடுவது நல்லது.

இனி உங்கள் கேள்வி. கேமரா வேண்டாம். அவர்கள் கையில் இருக்கும் செல்பேசியே போதும். இரண்டு நல்ல மைக் மட்டும் வாங்கிக் கொடுங்கள். வயல் காற்றில் ஒலி கெட்டுப்போன பேட்டியை எந்தக் கேமராவாலும் காப்பாற்ற முடியாது.

இரண்டு நாள் பயிலரங்கையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மண்டபம், மதிய உணவு, சான்றிதழ், குழுப் படம் என்று பாதிப் பணம் அங்கேயே தீர்ந்துவிடும். சொன்னதெல்லாம் அந்த நேரத்துக்கு நன்றாகவே இருக்கும். மறுநாள் காலை நிருபர் வழக்கம்போல ஆட்சியர் அலுவலகத்துப் பிரஸ் நோட்டை எடுத்து வந்து தட்டச்சு செய்துகொண்டிருப்பார். கற்றுக்கொண்டதைச் செய்து பார்க்க ஒரு செய்தி அவர் முன்னால் இல்லை என்பதுதான் காரணம். பயிற்சிக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு குறிப்பிட்ட செய்தியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

உங்கள் மாவட்டத்தில் அந்தச் செய்தியைத் தேடி அலைய வேண்டியதில்லை. அரசு விவசாயிகளிடம் நெல் வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறது. நெல்லைக் கொட்டிவிட்டு விவசாயிகள் நாள்கணக்கில் காத்திருப்பதும், சாக்கு இல்லை, லாரி வரவில்லை என்று எடை போடுவது நிற்பதும், மழையில் நனைந்து நெல் முளைப்பதும், மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் கேட்பதாக எழும் புகாரும் ஆண்டுதோறும் செய்தியாகின்றன. ஆனால் பெரும்பாலும் ஒரு படமும் ஒரு விவசாயியின் ஆதங்கமுமாகவே அவை முடிந்துவிடுகின்றன. அதிகாரி "அப்படி எதுவும் இல்லை" என்று ஒரு வரி சொன்னால் செய்தி அங்கேயே படுத்துவிடும்.

இதையே பயிற்சிக் களமாக்குங்கள். நால்வரும் ஆளுக்கு மூன்று நிலையங்களை எடுத்துக்கொள்ளட்டும். விவசாயி நெல் கொண்டுவந்த நாள், எடை போட்ட நாள், பதிவான ஈரப்பதம், 40 கிலோ சிப்பங்கள் எத்தனை, வங்கிக் கணக்கில் பணம் ஏறிய நாள் என ஐந்தே தகவல்கள். அனைத்தையும் செல்பேசியில் ஒரே விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) பதிய வேண்டும். ஈரப்பதத்துக்கு வரம்பு 17 விழுக்காடு. மழைக் காலங்களில் மத்திய அரசு அதைத் தளர்த்தியதும் உண்டு. ஆகவே எந்த நாளில் எந்த வரம்பு நடப்பில் இருந்தது என்று தெரியாமல் "நெல்லைத் திருப்பி அனுப்பினார்கள்" என்று எழுதக் கூடாது. மூன்று வாரம் இப்படிப் பதிந்தால், எந்த நிலையத்தில் சராசரியாக எத்தனை நாள் தாமதம், ஒரே நாளில் பக்கத்து நிலையங்களில் நிலைமை எப்படி இருந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். அந்தத் தாளோடு, இந்த நிலையங்களை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மண்டல மேலாளரைச் சந்தித்துப் பதில் கேட்கும்போது, அவரால் ஒரு வரியில் மறுத்துவிட்டுப் போக முடியாது. பேட்டி எடுப்பது, சரிபார்ப்பது, எண்களைக் கையாள்வது, மறுதரப்பைக் கேட்பது ஆகிய நான்கையும் இந்த ஒரே வேலையில் கற்றுக்கொள்வார்கள்.

இதற்கு இணையாகத் தகவல் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் மனுவும் போடட்டும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு தாள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆனால் கேள்வியை எழுதுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் பதில் வராது. காரணம் சொல்ல வேண்டும் என்ற கடமை தகவல் அலுவலருக்கு இல்லை. கையில் இருக்கும் ஆவணத்தைத் தருவதே அவர் கடமை. எனவே, "இன்ன நிலையத்தில் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை நாள்வாரியாகக் கொள்முதல் செய்த அளவு, லாரியில் அனுப்பிய அளவு, இருப்புப் பதிவேட்டின் நகல்" என்று கேட்கச் சொல்லுங்கள். தனிநபர் பெயர்களைக் கேட்காமல் எண்ணிக்கையைக் கேட்பது நல்லது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் தனிப்பட்ட தகவல் பற்றிய விலக்கை விரிவாக்கியிருப்பதால், பெயர் கேட்ட ஒரே காரணத்துக்காக மனு முழுவதும் திரும்பி வரலாம். பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

சட்டப் பயிற்சிக்கு ஓர் அரை நாள் ஒதுக்குங்கள். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரே போதும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு பற்றிய 356ஆம் பிரிவும், பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கும் 72ஆம் பிரிவும் அவர்களுக்கு அத்துப்படியாக வேண்டும். குழந்தை என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. அதில் செய்தியாளரோடு சேர்ந்து வெளியீட்டாளரும் உரிமையாளரும் பொறுப்பாவார்கள். பெயரைத்தான் போடவில்லையே என்று இருந்துவிடக் கூடாது. சிறிய ஊரில் "தேரடிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும்" என்று எழுதினாலே அந்தக் குழந்தை யார் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பள்ளி, குடும்பம், சுற்றுப்புறம் எதையும் வெளியிடக் கூடாது என்றே சட்டம் சொல்கிறது.

செயற்கை நுண்ணறிவுக்குச் சந்தா இப்போது வேண்டாம். இலவசமாகக் கிடைப்பதை ஒரே ஒரு வேலைக்குப் பயன்படுத்தட்டும்: கிராமசபைக் கூட்டத்தின் ஒலிப்பதிவை எழுத்தாக்குவது. இரண்டு மணி நேரப் பதிவில் எந்த இடத்தில் குடிநீர் பற்றிப் பேசினார்கள் என்று தேட அது பெரிய உதவி. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் நடக்கின்றன. நால்வரால் எல்லா ஊராட்சிக்கும் ஓட முடியாது, ஊர் இளைஞர் ஒருவர் பதிவு செய்து அனுப்பினால் போதும். ஆனால் ஊர்ப் பெயர்களையும் ரூபாய்க் கணக்கையும் மென்பொருள் தவறாக எழுதும். மேற்கோள் குறிக்குள் போடும் ஒவ்வொரு வரியையும் காதால் மறுபடி கேட்டாக வேண்டும். களத்துக்குப் போகாத செய்தியை மென்பொருளை எழுதவைப்பது கூடவே கூடாது.

புதுமை என்றால் நான் முதலில் கேட்பது வேறு ஒன்று: மாத இதழின் பழைய பக்கங்கள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன? வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால், எந்தத் தேடுபொறியாலும் அவற்றைப் படிக்க முடியாது. எல்லாக் கணினியும் படிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கல்லூரி மாணவருக்கு இரண்டு மாதம் சம்பளம் கொடுத்துப் பழைய இதழ்கள் அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றி இணையத்தில் ஏற்றுங்கள். பத்து ஆண்டுக்கு முன் எந்தக் கால்வாயைத் தூர்வார எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று நொடியில் எடுத்துக் கேட்கும் நிருபரை எந்த ஒப்பந்ததாரரும் எளிதில் சமாளிக்க முடியாது.

மீதிப் பணம், அதாவது பெரும்பகுதி, சம்பளத்துக்குப் போக வேண்டும். இதைச் சொன்னால் நன்கொடையாளர்கள் தயங்குகிறார்கள். பொருளாக எதுவும் நிற்கவில்லையே என்கிறார்கள். ஊர் நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. விளம்பரம் பிடித்துத் தந்தால் கமிஷன், அவ்வளவுதான். யாரிடம் பொங்கல் வாழ்த்து விளம்பரம் வாங்கினாரோ அவரைப் பற்றியே அவர் எழுத வேண்டியிருக்கிறது. எந்தப் பயிற்சியாலும் இதைத் தீர்க்க முடியாது. நால்வரில் ஒருவரையாவது விளம்பர வேலையிலிருந்து முழுமையாக விடுவித்து, ஓராண்டுக்குச் சம்பளம் கொடுத்து, உள்ளாட்சியையும் கொள்முதலையும் மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் பிபிசி இதைத்தான் செய்கிறது. 2017இல் தொடங்கிய திட்டம். தொலைக்காட்சிக்காக மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்திலிருந்து பணம், வேலைக்கு அமர்த்துவது உள்ளூர்ப் பத்திரிகைகள், சுமார் 165 செய்தியாளர்கள், உள்ளாட்சி மன்றக் கூட்டங்களில் உட்கார்ந்து எழுதுவதே வேலை. அவர்கள் எழுதுவதைத் திட்டத்தில் சேர்ந்த எல்லாச் செய்தி நிறுவனங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டிலேயே வழிகாட்ட ஆட்கள் இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடில் 2002இல் எழுத்தறிவுப் பணியிலிருந்து முளைத்த 'கபர் லஹரியா' செய்தி நிறுவனத்தைக் கிராமத்துப் பெண்களே, பெரும்பாலும் தலித் பெண்கள், நடத்துகிறார்கள். அந்தப் பகுதி மொழியான புந்தேலியில் அச்சிதழாகத் தொடங்கிச் செல்பேசிக் காணொளிக்கு மாறிய அவர்கள், வேலை செய்துகொண்டேதான் தொழிலைக் கற்றார்கள். இன்று மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவர்களின் காணொளிகளை உங்கள் நால்வரும் உட்கார்ந்து பார்க்கட்டும். கேள்வி கேட்கும் விதத்தைக் கவனித்தாலே பாதிப் பாடம் முடிந்தது. சென்னை தரமணியில் இருக்கும் பிரஸ் இன்ஸ்டிடியூட் ஆப் இந்தியாவுக்கும் எழுதிக் கேளுங்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கும் நைட் மையத்தின் இணைய வகுப்புகளில் பல இலவசம். நால்வரில் ஆங்கிலம் வசதிப்படுபவர் ஒருவர் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித் தரலாம். வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் மாதம் ஒரு நாள் வந்து, அந்த மாதம் வெளியான செய்திகளை வரிக்கு வரி எடுத்துப் பேசினால் போதும். அந்த நாளுக்கு நால்வருக்கும் தினக்கூலி கொடுங்கள். பயிற்சிக்கு வரும் நாளின் விளம்பரக் கமிஷனை அவர்கள் இழக்கிறார்கள்.

பணம் கொடுப்பவர்களிடம் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள்: எந்தச் செய்தி வர வேண்டும், எது வரக் கூடாது என்று சொல்லும் உரிமை தங்களுக்கு இல்லை என்பது அதில் இருக்க வேண்டும். கையெழுத்திடத் தயங்குபவரின் பணத்தை வாங்காதீர்கள்.

காலத்தையும் கணக்கில் வையுங்கள். சம்பா அறுவடை தை, மாசியில்தான் உச்சத்துக்கு வரும். சென்ற பருவத்து ஆவணங்கள் அதற்குள் கையில் இருக்க வேண்டுமானால், தகவல் மனுவுக்கு ஒரு மாதம், மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒன்றரை மாதம் என்று பின்னாலிருந்து கணக்கிட்டால், முதல் மனு புரட்டாசி முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். விரிதாளை ஐப்பசியில் குறுவை நெல் வரும் நிலையங்களில் ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். எந்தக் கட்டத்தை விவசாயிகளால் நிரப்ப முடியவில்லையோ அதை நீக்கிவிடுங்கள்.