காசை எடுக்கும் முன் ஸ்பீக்கரை நகர்த்துங்கள்: வீட்டு ஸ்டீரியோ கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும். பலரும் 'எந்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கலாம்?' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆம்ப் கடைசி. முதலில் ஸ்பீக்கர் இருக்கும் இடம், அடுத்து அறை, அப்புறம் ஸ்பீக்கர். ஆம்ப் பழுது பார்த்தே பல வருடம் ஓட்டியவன் நான். அந்த அனுபவத்தில்தான் இந்த வரிசையைச் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணம்: அண்ணா, சின்ன ஆம்ப், அலமாரியில் வைக்கும் அளவு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் இரண்டு வைத்திருக்கிறேன். பாஸ் (அடித்தொனி) வரவே இல்லை. கையில் 8,000 ரூபாய் இருக்கிறது, பாஸுக்கென்றே தனி ஸ்பீக்கரான சப்-ஊஃபர் வாங்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. முதலில் வயரைப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால், ஒரு ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். இரண்டு பக்கத்து பாஸும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆம்பிலிருந்து வயரைக் கழற்றுங்கள். அந்த முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை, ப்ளஸ் சிவப்பிலும் மைனஸ் கறுப்பிலுமாக ஒரு நொடி தொட்டு எடுங்கள். இரண்டு கோனும் வெளிப்பக்கம் தள்ள வேண்டும். ஒன்று உள்ளே போனால் கோளாறு கிடைத்துவிட்டது.

வயர் சரியாக இருந்தால், இடம். ட்வீட்டர் (மேல் சுருதி தரும் சின்ன கோன்) உட்காருபவர் காது உயரத்தில் இருக்கட்டும். ஸ்பீக்கர்களுக்கு நடுவே 6 அடி என்றால், நீங்களும் இரண்டிலிருந்தும் ஏறக்குறைய 6 அடியில் உட்காருங்கள். பின்சுவருக்குப் பக்கத்தில் தள்ளினால் பாஸ் கூடும், தள்ளி வைத்தால் குறையும், மூலையில் வைத்தால் ஊதிப்போகும். நன்றாகத் தெரிந்த ஒரே பாட்டைப் போட்டு, அரை அடி அரை அடியாக நகர்த்திக் கேளுங்கள். அடியில் வைக்க நம் ஊரில் கிரானைட் துண்டுக்குப் பஞ்சமா? கல்லுக்கும் பாக்ஸுக்கும் நடுவே ரப்பர் ஷீட் போட்டால் பாக்ஸ் ஆடாது.

என் ஸ்பீக்கர்கள் ரொம்ப வருடம் பீரோ மேலேயே இருந்தன. கீழே இறக்கிய அன்றுதான் மிருதங்கத்தின் தொப்பி அடி தனியாகக் கேட்டது. இவ்வளவு செய்தும் பாஸ் போதவில்லை என்றால் சப்-ஊஃபர் வாங்குங்கள்.

பாலக்கோடு: புது வீடு, ஹால் 12க்கு 14 அடி, கிரானைட் தரை. சத்தம் வருகிறது, பாட்டு வரிகள் புரிவதில்லை. வேறு ஸ்பீக்கர் பார்க்கவா?

வேண்டாம் அக்கா, இது அறையின் பிரச்சினை. ஹால் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். 'டிர்ர்' என்று வால் பிடித்தால் அதுதான் வரிகளை அழிக்கிறது. கல் தரை, பூசிய சுவர், சென்ட்ரிங் கூரை, கண்ணாடி ஜன்னல் எதுவும் சத்தத்தைக் குடிக்காது. அதே பாட்டு பழைய ஓட்டு வீட்டில் துணிமணி, மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே தெளிவாக இருந்திருக்கும்.

ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் தடிமனான ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். ஜன்னலுக்கு கனமான திரை, மடிப்பு நிறைய விழும்படி. பக்கச் சுவருக்கு ஒரு வழி இருக்கிறது: நீங்கள் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் ஒருவரைச் சுவரோரமாக முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில்தான் ஒலி பட்டுத் திரும்பி உங்களிடம் வருகிறது. அங்கே புத்தக அலமாரியோ, தொங்கவிட்ட கம்பளியோ இருந்தால் போதும். முட்டை அட்டை ஒட்டிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

துணியால் பாஸைப் பிடிக்க முடியாது. 12 அடி இடைவெளியில் 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு அதிர்வு தேங்கி நிற்கும். சோஃபா பின்சுவரை ஒட்டியிருந்தால் அது அங்கே குமுறும். சோஃபாவை இரண்டடி முன்னால் இழுத்துப் பாருங்கள்.

அரூர்: 4440 ஐசி போட்ட போர்டு ஆம்ப் வைத்திருக்கிறேன். டிபிஏ 3116 ஐசி போட்ட போர்டு வாங்கி, வைஃபை ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டரிலேயே ஓட்டலாமா? 'பிஎம்பிஓ 2000 வாட்ஸ்' என்று போட்ட செட்டு வாங்குவது மேலா?

பிஎம்பிஓ என்பது விளம்பரத்துக்குப் போடும் உச்ச வாட்ஸ் எண், அதை மறந்துவிடுங்கள், அதற்கு அளவுகோலே கிடையாது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரும் வாட்ஸ், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். உங்கள் 4440 ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட்ஸ். 3116 போர்டை 12 வோல்ட்டில் ஓட்டினால், 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 9 வாட்ஸுக்கு மேல் கிடைக்க வழியில்லை. மாற்றியதே தெரியாது. அதே போர்டுக்கு 24 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை கொடுத்தால் 30 வாட்ஸ் பக்கம் போகும். போர்டை விட சப்ளைக்குத்தான் நல்ல காசு போடணும்.

ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியையும் (ஒரே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற டெசிபல் எண்) பாருங்கள். 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு 80 வாட்ஸ் கொடுத்தால் வரும் சத்தம், 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸிலேயே வரும்.

பர்கூர்: லேப்டாப்பை ஆம்பில் சொருகினால் 'ம்ம்ம்' என்று ஹம் வருகிறது. ஆம்ப் பாடியைத் தொட்டால் லேசாகச் சுர் என்கிறது.

சுர் என்பதை முதலில் கவனியுங்கள், அது உயிர் விஷயம். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். நம் பக்கம் கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும். வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது பழைய வழக்கம், இன்றும் தேவைதான். ஹம் போக வேண்டும் என்று எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

ஹம்முக்கு: சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். லேப்டாப்பையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள். அதிலும் போகவில்லையென்றால், நடுவில் கிரவுண்ட் லூப் ஐசலேட்டர் என்ற சின்ன டப்பா, சில நூறு ரூபாய்தான்.

ஓசூர்: விலை கூடிய ஸ்பீக்கர் வயர் போட்டால் வித்தியாசம் தெரியுமா?

தெரியாது. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லி சுத்தச் செம்பு வயர், 15 அடிக்குப் போக வர சேர்த்தே 0.1 ஓம் தடைதான், 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் போட்ட வயரை மட்டும் தவிருங்கள்.

பென்னாகரம்: தாத்தாவின் ரெக்கார்டு பிளேயரை ஆம்பின் ஆக்ஸ் சாக்கெட்டில் சொருகினேன். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெல்லிசாகக் கேட்கிறது.

பிளேயர் கெடவில்லை, கவலைப்படாதீர்கள். ஊசியைத் தாங்கும் மேக்னடிக் கார்ட்ரிட்ஜ் சில மில்லிவோல்ட்தான் தரும். தவிர, ரெக்கார்டில் பாஸைக் குறைத்து, ட்ரெபிளை (மேல் சுருதியை) கூட்டித்தான் வெட்டுவார்கள். எவ்வளவு குறைப்பது, கூட்டுவது என்பதற்கு 1954 முதல் ஆர்ஐஏஏ அளவுதான் பொது. அந்தச் சின்ன வோல்ட்டைப் பெருக்கவும், வெட்டியதைத் திருப்பிச் சரிசெய்யவும் ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். 78 சுற்று இசைத்தட்டு இருந்தால் எல்பி ஊசியில் போடாதீர்கள், அதற்கு முனை அகலமான தனி ஊசி உண்டு.

ஊத்தங்கரை: அப்பாவுக்கு 72 வயது. பழைய கூத்துப் பதிவுகளை விரும்பிக் கேட்பார். வசனம் புரியவில்லை என்று சத்தம் கூட்டிக்கொண்டே போகிறார். பெரிய ஆம்ப் வாங்கித் தரவா?

வேண்டாம்மா. வயதானால் முதலில் மங்குவது மேல் சுருதி. ச, த, ப மாதிரி மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அந்தப் பகுதிதான். சத்தம் கூட்டினால் மத்தளம் பெரிதாகுமே தவிர, சொல் தெளியாது. ஒருமுறை காது டாக்டரிடம் காட்டுங்கள். பாஸை இரண்டு மூன்று படி இறக்கி, ட்ரெபிளை ஒரு படி ஏற்றுங்கள். அப்புறம், ஹால் கோடியில் இருக்கும் ஸ்பீக்கரை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், 4 அடிக்குள், முகத்தைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். சுவரில் பட்டு வருவதற்கு முன்னால் சொல் நேராக அவர் காதுக்குப் போகும்.