உயிரினங்கள்ல கேயாஸ் நெஜமாவே நடக்குதா, இல்ல கணக்குல மட்டுந்தானா? இதயத்துடிப்புலயும் இருக்குன்னு சொல்றாங்களே?

நடக்குது. கேயாஸ்னா, விதி தெளிவா இருந்தும், ஆரம்பத்துல துளி மாறுனாலே போகப்போக முழுசா வேற மாதிரி ஆகி, ரொம்ப நாளைக்குக் கணிக்க முடியாமப் போறது. ஆனா உங்க சந்தேகம் நியாயமானது, பயாலஜி ஆளுங்களே பல வருஷம் இதை நம்பாம தான் இருந்தாங்க.

1976-ல ராபர்ட் மேங்கற விஞ்ஞானி நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல எழுதுன கட்டுரைக்கப்புறம் தான் இந்தப் பேச்சு சூடு பிடிச்சுது. கால்குலேட்டர் எடுங்க. பூச்சி எண்ணிக்கைய 0-க்கும் 1-க்கும் நடுவுல ஒரு நம்பரா வச்சுக்கங்க, 1-ல இருந்து அதைக் கழிச்சு, வர்றத அதே நம்பரோட பெருக்கி, திரும்ப 4-ஆல பெருக்குனா அடுத்த தலைமுறை. 0.2-ல ஆரம்பிச்சா 0.64, அப்புறம் 0.92. 0.201-ல ஆரம்பிச்சாலும் கிட்டத்தட்ட அதே தான் வரும், ஆனா ஒன்பதாவது தலைமுறைல ஒண்ணு 0.96, இன்னொண்ணு 0.45! இதுல அதிர்ஷ்டம், மழை, நோய் எதுவுமே கிடையாது பாருங்க.

காட்டுல போய் எண்ணுனா இது மாட்டாது, ஏன்னா அங்க மழையும் நோயும் எண்றவன் தப்பும் சேர்ந்து எல்லாத்தையும் கொழப்பிடும். அதனால தான் 1997-ல சயின்ஸ் இதழ்ல வந்த காஸ்டன்டினோ டீமோட வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாவு வண்டு, அதாங்க ரவை டப்பால வருமே அந்தச் செவப்பு வண்டு. பெருசுங்க முட்டையையும் கூட்டுப்புழுவையும் திங்கும், புழுவும் முட்டைய விடாது, நல்ல குடும்பம். ஜனத்தொகைய ஏத்தி எறக்குறதே இந்தத் தின்னல் தான். இவங்க பெரிய வண்டோட சாவு விகிதத்த 96 சதவீதத்துல நிறுத்திட்டு, கூட்டுப்புழுல இருந்து எத்தனை புது வண்டு சேரணும்ங்கறத கையாலயே கூட்டிக் கொறச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா எண்ணுனாங்க. எந்த அளவுல வச்சா ஒழுங்கா சுத்தி வரும், எதுல வச்சா கேயாஸ்னு அவங்க கணக்கு மாடல் முன்னாடியே சொல்லியிருந்துச்சு, வண்டும் அதே மாதிரி நடந்துக்கிச்சு.

"கையால திருகுனா எதுவும் ஆடும்"னு சொல்றவங்களுக்கு 2008-ல பெனின்கா டீம் நேச்சர்ல போட்டது இருக்கு. பால்டிக் கடல் தண்ணி, ஜெர்மனில ஒரு தொட்டில ஆறு வருஷத்துக்கு மேல, வெளிச்சம் வெப்பம் எல்லாம் சீரா வச்சும் உள்ள இருந்த பிளாங்க்டன் (தண்ணில மிதக்கற குட்டி உயிருங்க) எண்ணிக்கை ஒரு நிலைக்கே வரல, 15-ல இருந்து 30 நாளுக்கு மேல கணிக்கவும் முடியல.

இதயம் கதை வேற. ஈசிஜி கோடு தாறுமாறா போறதால மட்டும் கேயாஸ்னு சொல்லிட முடியாது, அதுல சண்டை இன்னும் ஓயல.