சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள்

கேள்வி: அப்பா வைத்திருந்த 1986 மாடல் பிரீமியர் பத்மினி இப்போது என்னிடம் இருக்கிறது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால் வண்டி முழுக்க நடுங்குகிறது. சில நேரம் அணைந்தே போகிறது. இரண்டு முறை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று, நான்கு பிளக்கும் புதிது. இப்போது கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஓடினால் சரி, நின்றால் நடுக்கம் என்றால் எனக்கு முதல் சந்தேகம் கள்ளக் காற்றின் மேல்தான். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம். அப்போது பாகங்களின் இணைப்பில் வைக்கும் பேக்கிங் தேய்ந்து, அதன் வழியாகச் சிறிது காற்று புகுந்தாலும் கார்புரேட்டர் கலக்கும் காற்று-பெட்ரோல் கலவை கெட்டுவிடும். ஆக்சிலேட்டரை மிதித்து அதிகக் காற்று போகும்போது அந்தச் சின்ன ஓட்டையை இன்ஜின் கண்டுகொள்ளாது.

வண்டி நன்றாகச் சூடானதும் ஐடிலிங்கில் விட்டு, டேஷ்போர்டில் இருக்கும் சோக் குமிழைக் கால்வாசி இழுங்கள். சோக் காற்றைக் குறைத்து, கலவையில் பெட்ரோலைக் கூட்டும். நடுக்கம் அடங்கினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்: காற்றுக் கசிவு, இல்லாவிட்டால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட்டில் அடைப்பு. இன்னும் மோசமாகி கரும்புகை வந்தால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். இரண்டும் இல்லையென்றால் கார்புரேட்டரை விட்டுவிட்டு, பிளக்குக்குத் தீப்பொறி தரும் பாயின்ட், கண்டென்சர், இன்ஜின் வால்வுகளை இயக்கும் டேப்பட் பக்கம் போங்கள். காசு செலவில்லாத இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

கசிவைத் தேட, கார்புரேட்டர் மேனிஃபோல்டில் (கலவையை இன்ஜினுக்குள் கொண்டுபோகும் குழாய்) உட்காரும் இடத்தைச் சுற்றி ஒரு பிரஷ்ஷால் கெட்டியான இன்ஜின் ஆயிலைத் தடவுங்கள். எந்த இடத்தில் தடவும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. சிலர் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது, வேண்டவே வேண்டாம். அப்புறம் ஆக்சிலேட்டரை மிதித்தால் கார்புரேட்டரில் திரும்பும் தண்டான திராட்டில் ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இவ்வளவு வயதான சோலெக்ஸ் கார்புரேட்டரில் அது தேய்ந்து ஆடுவது சகஜம். அந்தத் தண்டுக்குப் புஷ் (தேய்மானத்தை ஈடுகட்டும் வளையம்) போட்டால் போதும். புதிது என்று சொல்லி விற்கும் கார்புரேட்டர்கள் சில பாலிஷ் போட்ட பழசுதான்.

எனக்கும் இதில் சூடு விழுந்திருக்கிறது. தொழில் பழகிய காலத்தில் ஒரு டாக்சிக்கு நான்கு தடவை ஜெட் ஊதினேன். ஐந்தாவது தடவை கழற்றியபோதுதான் அடிப் பேக்கிங்கில் தலைமுடி அளவு விரிசல் கண்ணில் பட்டது. நான்கு தடவையும் அதே பேக்கிங்கைத் திருப்பி வைத்தது நானேதான். உங்கள் வண்டியிலும் கழுவியபோது புதுப் பேக்கிங் போட்டார்களா என்று கேளுங்கள்.

கசிவு நின்ற பிறகுதான் மிக்சர் ஸ்க்ரூ. ஐடிலிங் பெட்ரோலை அளப்பது இதுதான்; வெளியே எடுத்தால் கூடும், உள்ளே திருகினால் குறையும். மெதுவாக உள்ளே திருகி, தட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் கூர்முனையில் வரி விழுந்து அப்புறம் எந்த செட்டிங்கும் நிற்காது. ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்து, சத்தம் சீராகும் இடம் வரை இப்படியும் அப்படியும் கால் சுற்றாகத் திருப்புங்கள்.

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கார்புரேட்டருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது; பழைய அளவையே ஊற்றும், கலவை இளைத்து, காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லாமல் போய்விடும். அதனால் அப்பா காலத்தில் வைத்ததைவிட ஸ்க்ரூ சற்று அதிகமாக வெளியே நின்றால் பயப்படாதீர்கள். ரப்பர் பெட்ரோல் ஓஸ் உப்பியிருந்தால் மட்டும் உடனே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் பழைய காரில் ஐடிலிங்கில் கரும்புகை, நிறுத்திய பிறகும் பெட்ரோல் வாசனை. ஸ்க்ரூவை உள்ளே திருகியும் பயனில்லை.
- வாசகி, தென்காசி

பதில்: அது ஸ்க்ரூவின் வேலையே இல்லை. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டால் ஓட்டை விழுந்து பெட்ரோல் ஏறியிருக்கிறது. கேட்காவிட்டால், பெட்ரோல் வரத்தை மூடும் நீடில் வால்வை மாற்றுங்கள். அதுவரை காரை மூடிய ஷெட்டில் நிறுத்த வேண்டாம்.