படகு ட்ரெய்லர் இழுப்போருக்கு: வாசகர் கேள்விகள்

என் எஸ்யூவி 3,500 கிலோ இழுக்குமாம். படகு 1,600 கிலோதான். கவலைப்பட என்ன இருக்கிறது? (சிட்னி)

அந்த 1,600 வெறும் படகின் எடையா, ட்ரெய்லரும் சேர்த்தா என்று முதலில் பாருங்கள். விலைத்தாளில் பெரும்பாலும் வெறும் படகின் எடையைத்தான் போடுவார்கள். எஞ்சின், ட்ரெய்லர், பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாம் அதற்கு மேல். 100 லிட்டர் பெட்ரோலே 75 கிலோவை நெருங்கும். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒருமுறை எடைமேடைக்குப் போய் வாருங்கள்.

2,000 கிலோவைத் தாண்டிவிட்டால் ஆஸ்திரேலியாவில் சட்டமே வேறு. அதுவரை ஓவர்ரைடு பிரேக் (கார் வேகம் குறைக்கும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளும் விசையில் தானாகப் பிடிக்கும் பிரேக்) போதும். அதற்கு மேல் ட்ரெய்லரின் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும், அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்க முடிய வேண்டும், ட்ரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் இருக்க வேண்டும். 3,500 என்பது பிரேக் உள்ள ட்ரெய்லருக்கான கணக்கு; பிரேக் இல்லாததற்கு வரம்பு 750 கிலோதான். வண்டி இழுத்துவிடும், அதில் சந்தேகமே இல்லை. இறக்கத்தில் நிறுத்த முடியுமா என்பதுதான் என் கவலை.

90-ல் போகும்போது ட்ரெய்லர் இடமும் வலமும் ஆடுகிறது. (பெர்த்)

இதைத் தள்ளிப்போடாதீர்கள். அவுட்போர்டு எஞ்சின் படகின் கடைசியில் தொங்குவதால் பாரம் பின்னுக்குப் போய், டோ பாலில் (காரின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் உருண்டையில்) அழுத்தம் குறைந்துவிடும். மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு அங்கே இறங்க வேண்டும். ஐஸ் பெட்டி, நங்கூரம், கயிறு எல்லாவற்றையும் முன்பக்கம் மாற்றிப் பாருங்கள். போதாவிட்டால் வின்ச் தூணை (படகை ட்ரெய்லர் மேல் இழுக்கும் சுருளி பொருத்திய முன்தூணை) சற்று முன்னே நகர்த்தலாம். ஆனால் அதன்பிறகும் படகின் பின்விளிம்பு ட்ரெய்லரின் கடைசி ரோலர் (படகைத் தாங்கும் உருளை) மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தரத்தில் நின்றால் அடிப்பகுதி வளைந்துவிடும்.

ஓடும்போதே ஆட ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கவே கூடாது. எலெக்ட்ரிக் பிரேக் இருந்தால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெதுவாகக் கொடுங்கள்.

வருடத்துக்கொரு முறை வீல் பியரிங் போய்விடுகிறது. ஏன்? (பிரிஸ்பேன்)

நெடுந்தூரம் ஓடிய ஹப் (பியரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதி) சூடாக இருக்கும். அப்படியே கடல்நீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மூடியைக் கழற்றிப் பாருங்கள். கிரீஸ் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். படகு இறக்கும் சரிவுக்கு வந்ததும் ஹப் ஆறும்வரை காத்திருங்கள். அதற்குள் விளக்கு பிளக்கைக் கழற்றி, படகின் வடிகால் துளை அடைப்பானை மாட்டிவிடலாம். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ரிவர்ஸ் எடுக்கவே வரவில்லை. (அடிலெய்டு)

ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். ட்ரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கமே நகர்த்துங்கள். காலி மைதானத்தில் பழகுங்கள்.

படகை ட்ரெய்லரோடு கட்ட வின்ச் பட்டை மட்டும் போதாதா? (டார்வின்)

போதாது. முன்பக்கம் தனிச் சங்கிலி, பின்பக்கம் இரு மூலைகளிலும் பட்டை, இரண்டும் கட்டாயம் வேண்டும். கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, பட்டைகளை இன்னொரு முறை இறுக்குங்கள்.