நியோபியம்-டின் காந்தச் சுருள்: கேள்வி பதில்

கேள்வி: எல்எச்சி துகள் முடுக்கியின் காந்தங்களில் நியோபியம்-டைட்டானியம் மீகடத்தி (மின்தடையின்றிக் கடத்தும் பொருள்) நன்றாகத்தானே ஓடுகிறது? ஏன் நியோபியம்-டினுக்கு மாற்ற வேண்டும்?

பதில்: அதன் எல்லை வந்துவிட்டது. 1.9 கெல்வினுக்குக் குளிர்வித்தும் துகள்களை வளைக்கும் எல்எச்சி இருமுனைக் காந்தங்களின் வடிவமைப்புப் புலம் 8.33 டெஸ்லாதான். சுரங்கத்தின் வளைவு மாறாது. புலம் கூடினால்தான் துகள்களின் ஆற்றல் கூடும்.

கேள்வி: நியோபியம்-டின் நொறுங்குமே, எப்படிச் சுற்றுகிறார்கள்?

பதில்: சுற்றும்போது அந்தச் சேர்மமே இன்னும் உருவாகியிருக்காது. நியோபியம், டின், செம்பு தனித்தனியாக உள்ள கம்பிகளைக் கேபிளாக்கி, கண்ணாடி இழை உறையிட்டுச் சுற்றி, பிறகு ஆர்கான் வாயு ஓடும் உலையில் வைப்பார்கள். சேர்மம் அங்கேதான் உருவாகும். 210, 400, 665 டிகிரி செல்சியஸ் எனப் படிகள். ஒவ்வொன்றும் 2 நாளோ அதற்கு மேலோ. முதல் படியில் அவசரம் கூடவே கூடாது. டின் 232 டிகிரியில் உருகிவிடும். அதற்குள் செம்போடு போதிய அளவு கலக்காவிட்டால் உறையைப் பிளந்துகொண்டு கசியும். கம்பி முனையில் வெள்ளி நிற மணிகள் தெரிந்தால் அது கசிந்த டின்தான். கேபிள் உலையில் பருக்கவும் செய்யும், நீளவாக்கில் சுருங்கவும் செய்யும். சுருளை வைக்கும் அச்சில் அதற்கான இடமும், சுருளின் நடுவிலுள்ள துருவத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளியும் விடாவிட்டால், சுருள் வெளியே வரும்போதே சேதப்பட்டிருக்கும்.

கேள்வி: உலைக்குப் பின் சுற்றுகளுக்கிடையே மின்காப்பு போய்விடுகிறது. கேபிள் உறை கறுத்திருக்கிறது.

பதில்: கரி. இழையை நெய்வதற்காகப் பூசிய பசை முழுதும் ஆவியாகாமல் கரியாகிவிட்டது. கரி மின்சாரத்தைக் கடத்தும். பழைய பசையை முன்பே எரித்து நீக்கிய இழையை வாங்குங்கள். ஆர்கான் உலைக்குள் மட்டுமல்ல, அச்சுக்குள்ளும் ஓட வேண்டும். சுருளில் எபாக்சிப் பிசின் ஏற்றிய பிறகு இந்தக் குறையைச் சரிசெய்யவே முடியாது. அதற்கு முன்பே சோதியுங்கள்.

கேள்வி: குவென்சை, அதாவது சுருளின் ஒரு பகுதி மீகடத்தும் நிலையை இழந்து சூடாவதை, கண்டறிய எவ்வளவு நேரம் இருக்கிறது?

பதில்: எல்எச்சி இருமுனைகளில் 100 மில்லிவோல்ட் மின்னழுத்தம் 10 மில்லிவினாடி நீடித்தால், சுருளைச் சூடாக்கும் ஹீட்டர்கள் இயங்கும். ஒரு காந்தத்தில் ஏறத்தாழ 7 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அது ஒரே புள்ளியில் இறங்காமல் சுருள் முழுதும் பரவ வேண்டும். நியோபியம்-டினில் குறைந்த மின்னோட்டத்திலேயே பாயத் துள்ளல்கள் (கம்பிக்குள் காந்தப் பாயம் திடீரென நகர்வது) பொய்யான மின்னழுத்தம் காட்டும். அதனால் அங்கே கண்டறியும் மின்னழுத்த வரம்பை உயர்த்தி, மின்னோட்டம் ஏற ஏறக் குறையுங்கள்.

கேள்வி: உயர்வெப்ப மீகடத்தி (ஒப்பளவில் கூடிய வெப்பநிலையிலும் மீகடத்துவது) நாடாவுக்கும் இதே முறை போதுமா?

பதில்: போதாது. அதில் குவென்ச் மிக மெதுவாகப் பரவும். மின்னழுத்தம் கண்ணில் படுவதற்குள் அந்த ஒரு புள்ளி கருகியிருக்கும்.